உன் கல்யாணத்துல நான் வாசிக்கப்போறேன்

நைனா,

போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா போன்ல நீ "சரிப்பா, சரிப்பா"ன்னு ரெண்டு தபா சொல்லிட்டு வச்சுடுவ, நான் சொல்ல வந்தது பாதி தொண்டையிலயே நின்னுடும். அதான் உங்கம்மாகிட்ட ஒரு நோட்டு வாங்கியாரச் சொல்லி, குந்தி எழுதிக்கினு கீறேன். எனக்கு உன்னை மாதிரி கோர்வையா எழுத வராது, வாயில வர்றதுதான் பேனாவுலயும் வரும். முழுசா படி. படிச்சு முடிச்சுட்டு அப்பால கோவப்படு, உனக்கு அந்த உரிமை கீது. சுத்தி வளைக்காம விசயத்தை முதல்லயே சொல்லிடுறேன். அடுத்த மாசம் திருவொத்தியூர் மண்டபத்துல, உன் ரிசப்சன்ல, நான் சாக்ஸபோன் வாசிக்கப்போறேன். நீ வேணாம்னு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் கீது.

போன ஞாயித்துக்கிழமை வந்து, நாஸ்தா துன்னுகினே, தட்டை விட்டுத் தலைய நிமிர்த்தாம சொன்ன. "அப்பா, செல்வி வூட்டுல நீ கம்பெனியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆயிட்டன்னு சொல்லி வச்சிருக்கேன். மண்டபத்துல யாராச்சும் கேட்டா அதையே சொல்லு. அந்த வாத்தியத்தையும் எடுத்துக்கினு வராத." உங்கம்மா தோசைக் கரண்டிய அப்படியே பிடிச்சுக்கினு என் மூஞ்சியப் பார்த்தா. அப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நிச்சயத்தன்னிக்கு செல்வியோட நைனா என் தோள்ல கைய போட்டுக்கினு, "ரிட்டயரான அப்பால பொழுது எப்படிப் போவுது சம்பந்தி?"ன்னு கேட்டாரு. சத்தத்துல சரியா காதுல விழாம நானும் சிரிச்சுக்கினே தலைய ஆட்டிட்டேன். தலைய ஆட்டி உன் பொய்க்கு நானே சாட்சி சொல்லியிருக்கேன் பாரு.

உன் பயம் எனக்குப் புரியாம இல்ல. இந்தப் பக்கம் சாக்ஸபோன்னா சாவு செட்டு. வியாசர்பாடியிலேர்ந்து எண்ணூர் வரைக்கும் எத்தினி பாடைக்கு முன்னாடி நான் நடந்திருப்பேன்னு எனக்கே தெரியாது. கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிச்சிருக்கோம், சாமி ஊர்வலத்துக்கும் வாசிச்சிருக்கோம், ஆனா ஜனங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. செவப்பு கோட்டைப் போட்டுக்கினு தெருவுல போனா புள்ளைங்களை வூட்டுக்குள்ள இழுத்துப்பாங்க. ஸ்கூல்ல உன் பேரே "செட்டு"தான், உன் பேரைச் சொல்லி உன்னை எவனும் கூப்பிட்டதில்ல. அதெல்லாம் நீ பட்ட பாடு, நான் பட்டது இல்ல. இருந்தாலும் சூப்பர்வைசர்னு சொன்ன பாரு, அது வலிச்சுதுடா. முன்னெல்லாம் நைனான்னு கூப்பிட்டுக்கினு இருந்தவன் வேலைக்குப் போனதுலேர்ந்து அப்பான்னு கூப்பிடுற, அதுகூட எனக்கு வலிக்கல.

நான் இத்தினி வருசமா இன்னா கத்துக்கினேன்னு உனக்குப் பாதிதான் தெரியும். நீ ஒம்பதாவது படிச்சுகினு இருந்தப்போ ராயபுரத்துல செகண்ட்ஹேண்டுல ஒரு ஆல்ட்டோ சாக்ஸபோன் வாங்கினேன். ஓட்டல்ல வாசிச்சவரு ஒருத்தரு செத்துப்போய், அவரு வூட்டுக்காரங்க வித்தது. பெட்டியத் தொறந்தா அடியில ஒரு கேசட்டு, மேல பேரு ஊரு ஒண்ணியும் இல்ல. வூட்டுக்கு வந்து போட்டேன். ஒரு ஆளு வாசிக்கிறான்டா! அதே ஆல்ட்டோதான், ஆனா மூச்சு எங்க வாங்குறான்னே தெரியல, சுரமா கொட்டுறான். ரெண்டு நிமிசம் கேட்டுட்டு நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? டேப் ரிக்கார்டர் கெட்டுப்போச்சு, மோட்டார் கன்னாபின்னான்னு ஓடுதுன்னு நெனச்சேன். ஒரு மனுசன் வெரலு அந்த வேகத்துக்குப் போகும்னு எனக்குத் தோணவே இல்ல. பதினாறு வருசமா ஊதுறவன், எனக்குத் தெரியாதான்னு ஒரு தெனாவட்டு. நேரா ரேடியோ ரிப்பேர் பாய்கிட்ட தூக்கிக்கினு போனேன். அவரு தொறந்து பார்த்துட்டு, "நல்லாத்தானே ஓடுது, சினிமா பாட்டெல்லாம் கரீட்டா வருதே"ன்னாரு. நான் விடல. "பாய், நான் வாத்தியக்காரன். எனக்குக் காது கீது. நீ வேகத்தைக் கொறை"ன்னு சண்டை போட்டேன். அவரும் தலையில அடிச்சுக்கினு, மோட்டார்ல இருந்த குட்டி ஸ்குருவை நான் போதும்னு சொல்ற வரைக்கும் திருகி உட்டாரு.

அன்னியிலேர்ந்து நம்ம வூட்டுல எல்லாமே இழுத்து இழுத்துத்தான் பாடுச்சு. உங்கம்மாவோட அம்மன் பாட்டு கேசட்டுல பொம்பள ஆம்பளக் குரல்ல பாடினா. "இன்னாய்யா இது, ஆத்தாளுக்கு ஜலதோசம் புடிச்சுகிச்சா?"ன்னு உங்கம்மா கத்தினது உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் நானும் சிரிச்சோம். ஆனா நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்க வேண்டியது வேற கீது. நீ அப்போ ஸ்போக்கன் இங்கிலீஷ் கேசட்டை வச்சுக்கினு தெனமும் சாயங்காலம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருப்ப. அதுவும் அதே டேப்புலதான் ஓடுச்சு. கொட்டாவி உட்டுக்கினே பேசுற மாதிரி அந்த ஆளு "கூ...ட் மாஆ...ர்னிங்"னு இழுப்பான், நீயும் அதே மாதிரி இழுப்ப. ஸ்கூல் இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில மேடையேறி அப்படியே பேசினியாம், பாதிப் பேச்சு தாண்டறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்களாம், ஸ்கூலே சிரிச்சுதாம். வூட்டுக்கு வந்து பொஸ்தகத்தைத் தூக்கி எறிஞ்ச. ஏன் அப்படி ஆச்சுன்னு உனக்கு அன்னிக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது, நான் வாயத் தொறக்கல. இன்னிக்கு ஆபீசுல வெள்ளைக்காரன்கிட்ட போன்ல நிதானமா பேசுறன்னு உன்னை மெச்சிக்கிறாங்கன்னு சொல்ற, நல்லதுதான், அதுக்காக நான் செஞ்சது சரின்னு ஆயிடாது. என் கேசட்டைத் தவிர வேற எதுவும் அப்போ என் காதுல விழல. மன்னிச்சுடு நைனா.

ரெண்டு வருசம் அந்த மெதுவான கேசட்டை ஒரு வரி ஓட உட்டு, நிறுத்தி, வாயால பாடி, அப்பால வாத்தியத்துல தேடிப் புடிச்சு, ஒரு பாட்டு முழுசும் மனப்பாடம் பண்ணேன். ராயபுரத்துல ஒரு சர்ச்சு கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ, மாப்பிள்ளை வர லேட்டாச்சுன்னு குந்தியிருந்த நேரத்துல அத்த வாசிச்சேன். அங்க கீபோர்டு வாசிக்க வந்த எட்வின், இருவத்தஞ்சு வயசுகூட இருக்காது, ஓடி வந்து, "அண்ணே, இது பீபாப்பு, அமெரிக்காக்காரனுங்க வேகமா வாசிக்கிற ஜாஸு! இத்த எங்க புடிச்சீங்க? ஏண்ணே இவ்ளோ மெதுவா, அதுவும் வேற சுருதியில?"ன்னான். நான் டேப்பு கதையச் சொன்னேன். அவன் சிரிக்கல, பாவமா பார்த்தான். "அண்ணே, டேப்பு சரியாத்தான் இருந்திருக்கு. அந்த ஆளு மெய்யாலுமே அந்த வேகத்துலதான் வாசிக்கிறாரு"ன்னான். மறுநாள் பாய்கிட்ட போய், "பழையபடி திருப்பு"ன்னேன். பாய் சிரிச்ச சிரிப்புல டீய மேல கொட்டிக்கினாரு. வூட்டுக்கு வந்து முழு வேகத்துல கேட்டேன், அழுகை வந்துடுச்சுடா. ரெண்டு வருசம் வீணாப் போச்சேன்னு இல்ல. ஒருத்தனால முடியாதுன்னு நானே முடிவு பண்ணி, அவன் வாசிப்பைக் கொறைச்சுட்டேனேன்னு.

அப்பால எட்வின்கிட்ட வாரம் ஒரு நாள் போய் முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். அந்த பீபாப்பு ஆளுங்க இஸ்டத்துக்கு வாசிக்கலடா, நானும் அப்படித்தான் நெனச்சுகினு இருந்தேன். கீபோர்டுல மூணு நாலு கட்டைய சேர்த்து அமுக்குவான் இல்ல, அதுக்கு கார்டுன்னு பேரு. பாட்டுக்கு அடியில அது மாறிக்கினே போகும். அந்த மாறுதலை எல்லாம் காதுல வச்சுக்கினு, மேல புதுசா ஒரு மெட்டை அந்த நிமிசத்துலயே கட்டணும். நம்ம கானா பாடுறவன் மெட்டை வச்சுக்கினு வார்த்தைய மாத்துவான். இவனுங்க கார்டை வச்சுக்கினு மெட்டையே மாத்துறானுங்க. உங்கம்மாவுக்கு பீபாப்புன்னு வாயில நுழையல, "போய் உன் பீப்பாவை உருட்டு"ன்னு இன்னி வரைக்கும் அப்படித்தான் சொல்றா.

எனக்கு மண்டையில ஏறாதது ஒண்ணு இருந்துச்சு. எட்வின் எழுதிக் காட்டுவான், வெரலால சொடுக்குவான், ஒண்ணியும் ஏறல. "அண்ணே, ஏழு சுரத்துல ஓடாதீங்க, நடுவுல ஒரு அரைச் சுரத்தைச் சொருகி எட்டாக்குங்க"ம்பான். எதுக்குடா இந்த இடைச்செருகல்னு எனக்கு எரிச்சலா வரும். அப்பால ஒரு நாள் மூலகொத்தளம் சுடுகாட்டுக்கு ஒரு பாடைக்கு முன்னாடி நடந்துகினு இருக்கேன். வலது, இடது, வலது, இடது. மனசுக்குள்ள சும்மா ஏழு சுரத்தை இறக்கிக்கினே வந்தேன். முதல் தபா வலது கால்ல ஆரம்பிச்ச சுரம் அடுத்த சுத்துல இடது கால்ல போய் விழுது. காலு தப்புது. எட்டா ஆக்கிப் பார்த்தேன். எத்தினி சுத்து சுத்தினாலும் வலதுல ஆரம்பிச்சது வலதுலயே வந்து குந்துது! முக்கியமான சுரம் எல்லாம் வலது கால்ல, சொருகின சுரம் இடது கால்ல. நடுரோட்டுல, பொணத்துக்கு முன்னாடி, எனக்கு வாயெல்லாம் பல்லு. டிரம்மு அடிக்கிறவன் முறைச்சான். எந்த வேலையச் சொல்ல நீ கூச்சப்படுறியோ, அந்த வேலையிலதான் எனக்கு இது புரிஞ்சுது நைனா.

அதுலேர்ந்து தெனமும் காலையில பதினோரு மணிக்கு எண்ணூர் ரோட்டோரம் கடலை ஒட்டிப் போட்டிருக்கிற பாறாங்கல்லு மேல போய் நிப்பேன். பின்னாடி கன்டெய்னர் லாரி வரிசை ஹார்பருக்குப் போக நகராம நிக்கும், ஹாரன் சத்தத்துல நான் பிசிறு அடிக்கிறது எவனுக்கும் கேக்காது. ஒரே ஒரு வரி. அத்த பன்னெண்டு சுருதியிலயும் வாசிக்கணும். ரெண்டு சுருதியில தண்ணியா ஓடும், மூணாவதுல வெரலு மக்கர் பண்ணும், ஏழாவதுல அழுகையே வரும். பன்னெண்டும் வந்தாத்தான் அடுத்த வரி. பேஜாரு புடிச்ச வேலை. வெரலு மரத்துப்போயி, கீழ் உதடு கிழிஞ்சு, "உனக்கு இன்னா பைத்தியமா, யாரு கேக்கப்போறா இத்த?"ன்னு உங்கம்மா மஞ்சள் அரைச்சுப் பூசி உட்டா. யாரும் கேக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா விட்டுட்டா திரும்பவும் ஸ்குருவைத் திருகின ஆளா ஆயிடுவேன்னு இருந்துச்சு, அதனால மழை நாளைத் தவிர ஒரு நாளும் விடல.

இப்போ ஒரு பொய்யை ஒத்துக்கறேன். நீ காலேஜு சேர்ந்த வருசம் கன்னம் வீங்கி வந்தேன், டெம்போவுலேர்ந்து விழுந்துட்டேன்னு சொன்னேன். நான் எங்கியும் விழல. ஒரு சாவு வூட்டுல பெரிய புள்ளை என்னை அறைஞ்சான். அவங்க நைனாவுக்குப் புடிச்ச பழைய பாட்டை வாசிக்கச் சொன்னாங்க. ஒரு தபா ஒழுங்கா வாசிச்சேன். ரெண்டாவது தபா எனக்கு கை அரிச்சுது. கத்துக்கினது எல்லாத்தையும் எடுத்து உட்டேன், மேல ஏத்தி, கீழ இறக்கி, மூச்சு முட்ட. பின்னாடி செட்டு தடுமாறி நின்னுடுச்சு. பாடையத் தூக்கினவங்க நின்னுட்டாங்க. அந்தப் புள்ளை நேரா வந்து, "எங்க நைனா சாவுல வந்து நீ வித்தை காட்டுறியா?"ன்னு ஒண்ணு உட்டான். எனக்குக் கோவம் வரணும் இல்ல? வரல. அவன் சொன்னது நூத்துக்கு நூறு நெசம். எதிர்ல ஒரு புள்ளை அழுதுகினு நிக்கிறான், நான் அவனைப் பார்க்கல, என் வெரலைப் பார்த்துக்கினு இருந்தேன். செட்டு ஓனரு ஒரு மாசம் என்னைக் கூப்பிடல, அதுவும் சரிதான். அந்த ஒரு மாசமும் பாறாங்கல்லு மேல நின்னு, யாருக்கு வாசிக்கிறோம்னு யோசிச்சு யோசிச்சு, பாதி சுரத்தைக் கழிச்சுக் கட்டினேன். வேகம் வந்த அப்பால எங்க நிறுத்தணும்னு கத்துக்கவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

உனக்கு அந்த உண்மையச் சொல்லியிருக்கணும். மறைச்சேன். வெக்கத்துல பொய் சொல்றது எப்படின்னு நீ என்கிட்டதான் பார்த்துக் கத்துக்கினு இருப்ப. அதனால சூப்பர்வைசர் பொய்க்கு உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் வரல.

உன் ரிசப்சன்ல எந்த வித்தையும் காட்டமாட்டேன். நீ கைக்குழந்தையா இருந்தப்போ உங்கம்மா தொட்டிலை ஆட்டிக்கினே அவளே கட்டிப் பாடுவாளே, "என் சிங்கக்குட்டி"ன்னு ஆரம்பிக்குமே, அந்தத் தாலாட்டுதான். அதுக்கு எட்வின் அடியில கார்டு போட்டுக் குடுத்திருக்கான். மூணு சுத்து. முதல் சுத்து அவ பாடின மாதிரியே. ரெண்டாவது சுத்து என்னோடது, அன்னிக்கு அந்த நிமிசத்துல உன்னையும் செல்வியையும் பார்த்து இன்னா வருதோ அது, இன்னான்னு எனக்கே இப்போ தெரியாது. மூணாவதுல திரும்ப அவளோட பாட்டுக்கே வந்துடுவேன். அவ்ளோதான், நாலு நிமிசம்கூட ஆகாது.

இதை எல்லாம் உன்கிட்ட சொல்லி, நீ செல்வி வூட்டுல சொல்லி, அதெல்லாம் நடக்காதுன்னு எனக்குத் தெரியும். அதனால நேத்து காலையில நானே காத்திவாக்கத்துக்குப் போயிட்டேன். வாத்தியப் பெட்டியோடதான் போனேன். செல்வியோட நைனா வாசல்ல வலைய மடியில போட்டுக்கினு பின்னிக்கினு இருந்தாரு. "வா சம்பந்தி, இன்னா பொட்டியும் கையுமா?"ன்னு சிரிச்சாரு. நான் குந்தாமயே சொல்லிட்டேன். "சம்பந்தி, நான் சூப்பர்வைசர் இல்ல. எந்தக் கம்பெனி கேட்டையும் நான் தாண்டினதில்ல. புளியந்தோப்புல பேண்டு செட்டுல சாக்ஸபோன் ஊதுறவன். கல்யாணத்துக்குக் கொஞ்சம், சாவுக்கு நெறைய." அவரு ஊசிய வலையில குத்தி வச்சாரு. மூஞ்சி கறுத்துடுச்சு. "பொண்ணு கட்ட வர்றவன் முதல் பேச்சுலயே பீலா உட்டா, நாளைக்கு எத்த நம்பி என் பொண்ணை அனுப்புறது?"ன்னாரு. அவரு கேட்டது நியாயம். கல்யாணம் என்னாலயே நின்னுடுமோன்னு நெனச்சப்போ உன் மூஞ்சிதான் கண்ணுல வந்துச்சு. இருந்தாலும் வந்தது வந்துட்டேன்னு மீதியையும் சொன்னேன். "என் புள்ளை கல்யாணத்துல நான் வாசிக்கணும்."

"மண்டபத்துல சாவு வாசிப்பா?"ன்னாரு. "கேட்டுட்டு சொல்லுங்க. புடிக்கலன்னா பொட்டிய மூடிக்கினு போயிடுறேன்"னு சொல்லிட்டு, அங்கியே பொட்டியத் தொறந்தேன். செல்வி வாசப்படியில வந்து நின்னா, பாவம், கையைப் பிசைஞ்சுக்கினு. தாலாட்டை ஒரு சுத்து வாசிச்சேன். ரெண்டாவது சுத்துல அந்தப் பொண்ணைப் பார்த்தேன், அவ பயத்தைப் பார்த்தேன், அதுக்கு இன்னா சொல்லணுமோ அத்த வாசிச்சேன். நெறைய சுரம் இல்ல. அதுக்குள்ள பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க தலைமுடிய அள்ளி முடிஞ்சுக்கினு ஓடி வந்தாங்க. ஒரு பெரியவரு துண்டை இடுப்புல கட்டிக்கினு மூச்சிரைக்க வந்தாரு. "யாரு போயிட்டாங்க? யாருடா?"ன்னு ஒரே கூச்சல். போச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சு வாத்தியத்தை வாயிலேர்ந்து எடுத்துட்டேன்.

செல்வியோட நைனா வலையத் தள்ளிட்டு எழுந்து நின்னாரு. தெருவைப் பார்த்து சத்தமா சொன்னாரு. "யாரும் சாவல! எங்க சம்பந்தி வாசிக்கிறாரு. வாய மூடிக்கினு குந்துங்க." அப்பால என் பக்கம் திரும்பி, "ஏன் நிறுத்திட்ட? வாசி சம்பந்தி"ன்னாரு. மூணாவது சுத்தை நான் எப்படி முடிச்சேன்னு எனக்கே தெரியல, கண்ணு மறைச்சுடுச்சு.

உன் மேல அவருக்கு இன்னும் கோவம் கீது. நாளைக்கே போ, கால்ல விழ வேணாம், கண்ணைப் பார்த்து மன்னிப்பு கேளு, வெறுங்கையோட போ, பழம் கிழம்னு வாங்கிக்கினு போய் மழுப்பாத. அப்பால மண்டபத்துல மைக்கைப் புடிச்சு நீ என்னை இன்னான்னு சொல்லப்போறன்னு யோசிச்சு வை. சூப்பர்வைசர்னு சொன்னா அந்த மேடையிலயே இல்லன்னு சொல்லிடுவேன். எங்க நைனான்னு சொல்லு. சாவு செட்டுல சாக்ஸபோன் ஊதுறவருன்னு சொல்லு. சொல்லிட்டு செல்வி பக்கத்துல போய் நில்லு, நான் உங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கினே வாசிக்கணும்.